இடிமேகத்துக்குள் பார்த்த ரேடார்



இன்று நான் பேச வந்திருப்பது டொர்னாடோவைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், டொர்னாடோவைப் பெற்றெடுக்கும் இடிமேகத்தை ரேடார் கொண்டு ஆராய்ந்தவர்களைப் பற்றி. நாம் வங்கக் கடல் புயல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் புயல் சில நூறு கிலோமீட்டர் அகலம் உடையது. கரையைத் தொட நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் வைத்து, படகுகளைக் கரையேற்றி, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுக் காத்திருக்க நமக்கு அவகாசம் உண்டு. டொர்னாடோ அப்படி வருவதில்லை. ஒரே ஓர் இடிமேகத்தின் அடியில் அது பிறக்கிறது. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இருப்பதில்லை. பத்து நிமிடங்களுக்குள் பிறந்து மறைபவையே அதிகம். அதற்குள் ஒரு தெரு முழுவதையும் தரைமட்டமாக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் ஓடுகூட நகராமல் விட்டுப் போகும்.

இவ்வளவு சிறிய, இவ்வளவு அவசரமான ஒன்றை எப்படி ஆராய்வது? எங்கே பிறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பிறந்த இடத்தில் இருப்பவர் உயிர் தப்பப் பார்ப்பாரே தவிர, கருவியை எடுத்து அளந்துகொண்டிருக்க மாட்டார். சாதாரணக் காற்றுமானி அதன் வழியில் அகப்பட்டால் மிஞ்சாது. எனவே தூரத்தில் இருந்தபடியே மேகத்தின் வயிற்றுக்குள் பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழி ரேடார்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த எழுபது ஆண்டுகளில் ரேடார் ஒவ்வொரு முறை கூர்மையானபோதும், அதற்கு முன் நாம் தெரிந்துவைத்திருந்த விடை கலைந்துபோனது. கேள்வி மேகத்தின் நடுவில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இன்று தரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் வந்து நிற்கிறது. ரேடார் மிகக் குறைவாகப் பார்க்கும் இடமும் அதுவே. இந்த வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் நடுப்பகுதிக்குப் போவோம். 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே டொர்னாடோ கடந்தது. மூன்றரை மணி நேரம் நீடித்த அது 695 உயிர்களைக் கொண்டுபோனது. ஒருவருக்கும் முன்னறிவிப்பு கிடையாது. கிடைத்திருக்க வாய்ப்பும் இல்லை. மக்கள் பீதியடைவார்கள் என்ற அச்சத்தில், முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்று எழுதுவதையே அந்நாட்டு வானிலைத் துறை பல பத்தாண்டுகளாகத் தவிர்த்து வந்தது. 1948 மார்ச்சில்தான், ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில், ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து ஒரு முன்னறிவிப்பு கொடுத்தார்கள். மார்ச் 20 அன்று அந்தத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கியிருந்தது. ஐந்து நாள் கழித்து அதே போன்ற வானிலை திரும்பியபோது அவர்கள் எச்சரித்தார்கள். அன்று மாலையே இன்னொன்று வந்து தாக்கியது. இன்ன நாளில், இன்ன வட்டாரத்தில் அபாயம் உண்டு என்று சொல்ல முடியும் என்பது அன்று தெரிந்தது. இன்ன மேகத்தில் என்று சொல்ல ரேடார் வர வேண்டியிருந்தது.

ரேடார் போருக்காகப் பிறந்த கருவி. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைத் தேடியவர்களுக்கு மழை ஓர் இடைஞ்சல். திரையில் வெள்ளைத் திட்டாக வந்து விமானத்தை மறைத்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய ரேடார்களை வாங்கிக்கொண்ட வானிலையாளர்களுக்கோ அந்த இடைஞ்சல்தான் வேண்டியிருந்தது. இல்லினாய் மாநில நீர் அளவைத் துறை அப்படி ஒன்றை ஷாம்பெய்ன் நகர விமான நிலையத்தில் வைத்திருந்தது. எவ்வளவு மழை பெய்கிறது என்று அளப்பதே நோக்கம். 1953 ஏப்ரல் 9 அன்று டொனால்ட் ஸ்டாக்ஸ் என்ற மின்பொறியாளர் அந்த ரேடாரைப் பழுது பார்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். திரையில் ஓர் இடிமேகத்தின் ஓரத்தில் சிறிய வால் ஒன்று முளைத்தது. அது வளைந்தது, கொக்கியாயிற்று. வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கலாம். அவர் உட்கார்ந்து திரையைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கொக்கி இருந்த இடத்தில் அந்த நேரத்தில் டொர்னாடோ ஒன்று ஊர்களைச் சிதைத்துக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. டொர்னாடோவின் ரேடார் முத்திரை முதன்முதலாகப் பதிவானது அன்றுதான். மழையை அளக்க வைத்த கருவி, மழையைப் பற்றி மட்டுமே பொறுப்புள்ள ஒரு துறை, வேறு வேலையாக வந்த ஒரு பொறியாளர். அறிவியல் பல நேரம் இப்படிக் கண்ணைத் திறந்துவைத்திருப்பவர் கையில்தான் வந்து சேர்கிறது.

அந்த 1953 அமெரிக்காவுக்குக் கொடிய ஆண்டு. மே 11 அன்று டெக்சஸில் வேகோ நகரில் 114 பேர் இறந்தனர். ஜூன் 8 அன்று மிச்சிகனில் ஃபிளிண்ட் நகரை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்டோர். மறுநாளே மாசசூசெட்ஸில் வொர்ஸ்டர் வட்டாரத்தில் 94 பேர். ரேடார் திரையில் கொக்கி தெரியும் என்றால், அதைப் பார்த்து மக்களுக்குச் சொல்ல ஆள் வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. டெக்சஸ் நகரங்களில் ரேடார்களை நிறுவி எச்சரிக்கை வலைப்பின்னல் ஒன்றை அமைத்தார்கள்.

ஆனால் கொக்கி என்பது என்ன? அந்தக் கால ரேடார் எங்கே எவ்வளவு மழை, எவ்வளவு ஆலங்கட்டி இருக்கிறது என்று காட்டியது. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டவில்லை. கொக்கியைப் பார்த்தவர்கள் அதற்குள் சுழற்சி இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். கொக்கி இருந்தும் டொர்னாடோ வராத நாள்கள் இருந்தன; கொக்கி தெரியாமலே வந்த நாள்களும் இருந்தன.

மேகத்தின் உள்ளமைப்புக்கு முதல் தெளிவான விளக்கம் அமெரிக்காவில் பிறக்கவில்லை. 1959 ஜூலை 9 அன்று தென் இங்கிலாந்தைக் கடந்துபோன ஓர் ஆலங்கட்டி மழையைப் பல ரேடார்கள் ஒரே நேரத்தில் கவனித்தன. வோக்கிங்ஹாம் என்ற ஊரின் பெயரால் அந்த மழை இன்றும் அழைக்கப்படுகிறது. கீத் பிரௌனிங் என்ற இளைஞரும் அவருடைய பேராசிரியர் ஃபிராங்க் லட்லமும் அந்தப் பதிவுகளை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தார்கள். அதில் கண்ட விசித்திரம் ஒன்று: கடும் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் நடுவே, எதிரொலியே இல்லாத குகை போன்ற ஒரு வெற்றிடம். பலவீனமான இடம் போலத் தோன்றிய அதுதான் மேகத்தின் உயிர்நாடி. காற்று அங்கே அவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறது. நீர்த்துளிகள் ரேடாருக்குத் தெரியும் அளவு பருக்க நேரமே கிடைப்பதில்லை. சிறு துளிகள் பெருந்துளிகளாவதற்குள் பல கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகின்றன. திரையில் ஒன்றும் இல்லாத இடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் பிரௌனிங். ஒரே பெரும் மேலெழும் காற்றோடு மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும் இந்த வகை இடிமேகத்துக்கு 'சூப்பர்செல்' என்று பெயரிட்டவரும் அவரே. கொடிய டொர்னாடோக்கள் கிட்டத்தட்ட எல்லாமே சூப்பர்செல்லில் பிறப்பவை.

சூப்பர்செல் ஏன் சுழல்கிறது? தரையில் காற்று மெதுவாக வீசுகிறது. மேலே போகப் போக வேகம் கூடுகிறது, திசையும் மாறுகிறது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கையை அசைக்காமல் மேல்கையை முன்னே தள்ளினால் பென்சில் உருளும் அல்லவா? வளிமண்டலமும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் படுக்கையாக உருண்டுகொண்டிருக்கிறது. இடிமேகத்தின் மேலெழும் காற்று அந்தப் படுக்கைச் சுழலை உறிஞ்சி நிமிர்த்துகிறது. படுத்திருந்த அச்சு நிற்கும் அச்சாகிறது. மேகத்தின் நடுப்பகுதி, சில கிலோமீட்டர் உயரத்தில், ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் அகலத்தில் மெல்லச் சுழலத் தொடங்குகிறது. மீசோசைக்ளோன் என்று இதைச் சொல்வார்கள். நான் இடைச்சுழல் என்றே சொல்கிறேன்.

இந்த இடைச்சுழலைக் கண்ணால் பார்த்தது போல நிரூபிக்க, துளிகள் ஓடும் வேகத்தை அளக்க வேண்டும். அதற்கான தத்துவத்தை 1842-லேயே கிறிஸ்டியன் டாப்ளர் சொல்லியிருந்தார். நம்மை நோக்கி வரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும். விலகிப் போகும் பொருளில் பட்டுத் திரும்பினால் சற்றுக் குறையும். அந்த நுண்ணிய மாற்றத்தை அளந்தால் வேகம் கிடைக்கும். 1958 ஜூன் 10 அன்று கன்சஸ் மாநிலத்தின் எல்டொராடோ நகரத்துக்கருகே ஸ்மித், ஹோம்ஸ் என்ற இருவர் ஒரு டாப்ளர் ரேடாரை டொர்னாடோவை நோக்கித் திருப்பினார்கள். வினாடிக்கு 92 மீட்டர், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. ஆனால் அந்த ரேடார் வேகத்தைச் சொன்னதே ஒழிய, அது எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் வசதி அதில் இல்லை.

தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் பெரிய டாப்ளர் ரேடார், ஓக்லஹோமாவில் நார்மன் நகரத்து தேசியக் கடும்புயல் ஆய்வகத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. விமானப்படை கழித்துப்போட்ட ரேடாரைக் கொண்டு கட்டியது அது. 1973 மே 24 அன்று யூனியன் சிட்டி என்ற சிற்றூரை ஒரு டொர்னாடோ தாக்கியது. அதே ஆய்வகத்தின் குழு ஒன்று தரையில் நின்று தொடக்கம் முதல் முடிவு வரை படமெடுத்தது. ரேடார் அதே மேகத்தின் உட்புறத்தை அளந்தது. வெளியே கண் பார்த்ததையும் உள்ளே ரேடார் பார்த்ததையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட முடிந்த முதல் டொர்னாடோ இது. பிறகு நாடாவில் பதிவான எண்களை ராட்ஜர் பிரௌன், லெஸ் லெமன், டான் பர்ஜஸ் ஆகியோர் பரப்பி வைத்துப் பார்த்தபோது, அடுத்தடுத்த இரண்டு கற்றைகளில் வேகம் எதிரெதிராக இருப்பது கண்ணில் பட்டது. ஒன்றில் காற்று ரேடாரை நோக்கிப் பாய்கிறது, ஒட்டினாற்போல் அடுத்ததில் விலகிப் பாய்கிறது. இடைச்சுழலை விட மிகச் சிறிய, மிகக் கடுமையான சுழல். அது டொர்னாடோ தரையைத் தொடுவதற்கு முன்பே மேகத்தின் நடு உயரத்தில் தோன்றி, கீழே இறங்கி, தரையில் டொர்னாடோவாக வெளிப்பட்டது போல் தெரிந்தது.

இதைக் கேட்டபோது எத்தனை பேருக்கு நம்பிக்கை பிறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேலே பிறந்து கீழே இறங்குகிறது என்றால், இறங்கும் நேரம் முழுவதும் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அல்லவா? 1977 முதல் 1979 வரை நடந்த கூட்டுச் சோதனையில் டாப்ளர் ரேடாரைக் கொண்டு சுமார் 20 நிமிட முன்னவகாசம் தர முடிந்தது. அந்த நம்பிக்கையின் மேல்தான் 1990-களில் அமெரிக்கா முழுதும் ஏறத்தாழ 160 டாப்ளர் ரேடார்கள் எழுந்தன. பலன் இருந்ததா? இருந்தது. சிம்மன்ஸ், சட்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த ரேடார்கள் வந்த பிறகு டொர்னாடோக்களில் எதிர்பார்க்கத்தக்க உயிரிழப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு ஐயமே இல்லாமல் மகிழ்ச்சி தரும் எண் இது ஒன்றுதான்.

ஆனால் 160 ரேடார்கள் இரவும் பகலும் பார்க்கத் தொடங்கியதும் வேறோர் உண்மையும் வெளியே வந்தது. இடைச்சுழல் உள்ள மேகங்களில் பாதியாவது டொர்னாடோவைத் தரும் என்று முன்பு நினைத்தார்கள். ஆயிரக்கணக்கில் இடைச்சுழல்களைத் தானியங்கி முறையில் பொறுக்கியெடுத்து 2005-இல் டிராப்பும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டபோது, டொர்னாடோ தந்தவை ஏறத்தாழ 26 விழுக்காடுதான். மற்றவை அழகாகச் சுழன்று, பயமுறுத்தி, ஒன்றும் தராமல் கலைந்தன. அதே டிராப் 1999-இல் இன்னொன்றையும் காட்டியிருந்தார். யூனியன் சிட்டியில் கண்டது போல மேலிருந்து இறங்கிய சுழல்கள் ஏறத்தாழ பாதிதான். மறுபாதியில் சுழல் கீழேயே, அல்லது எல்லா உயரத்திலும் ஒரே நேரத்தில், மளமளவென்று உருவானது. அவற்றுக்கு 20 நிமிட அவகாசம் எங்கிருந்து வரும்?

இங்கே ரேடாரின் குறைகளைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். குறை தெரியாமல் கருவியைக் கொண்டாடுவது ஆய்வாளருக்கு அழகல்ல.

ரேடார் கற்றை நேராகப் போகிறது, பூமி வளைகிறது. அமெரிக்க வானிலை ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றை அரைப் பாகை சாய்வில் புறப்படுகிறது. 100 கிலோமீட்டர் தூரத்தில் அந்தக் கற்றையின் நடு தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்கும் மேல். கற்றைக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. கற்றை போகப் போக அகன்றுகொண்டும் போகிறது: 100 கிலோமீட்டரில் அதன் அகலம் கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர். முந்நூறு மீட்டர் அகல டொர்னாடோ அதற்குள் முழுதாக மறைந்துவிடும். ரேடார் தருவது அந்த அகலம் முழுவதற்குமான சராசரியை.

அடுத்தது, இயற்பியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு கெடுபிடி. துடிப்புகளை விரைவாக அனுப்பினால் பெரிய வேகங்களைச் சரியாக அளக்கலாம். ஆனால் முந்தைய துடிப்பின் எதிரொலி திரும்புவதற்குள் அடுத்தது போய்விடுவதால் தூரம் குழம்பும். மெதுவாக அனுப்பினால் தூரம் தெளியும், வேகம் குழம்பும். இரண்டின் பெருக்கற்பலன் ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவதைத் தாண்ட முடியாது. 10 சென்டிமீட்டர் அலையோடு 150 கிலோமீட்டர் தூரம் தெளிவாக வேண்டுமென்றால், வினாடிக்கு 25 மீட்டர் வரைதான் வேகத்தை ஐயமின்றி அளக்கலாம். டொர்னாடோவில் 100 மீட்டர் வேகம் வீசும்போது எண் சுற்றிக்கொண்டு வந்து பொய்யான மதிப்பாக நிற்கும். அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து அதை அவிழ்த்துச் சரிசெய்வது தனிக் கலை. போதாக்குறைக்கு, இந்தப் பெரிய ரேடார் மேகம் முழுவதையும் ஒரு முறை துழாவி முடிக்க நான்கைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. டொர்னாடோ பிறக்க ஒரு நிமிடம் போதும்.

மேகம் அருகே வராவிட்டால் ரேடார் மேகத்திடம் போக வேண்டியதுதான். ஹோவர்ட் புளூஸ்டீன் என்ற ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியர், முக்காலியில் நிறுத்தும் சிறிய டாப்ளர் ரேடாரைத் தூக்கிக்கொண்டு மாணவர்களோடு சாலைகளில் அலைந்தார். 1991 ஏப்ரல் 26 அன்று ரெட் ராக் என்ற ஊருக்கருகே வினாடிக்கு 120 முதல் 125 மீட்டர் வரை வேகம் அளந்தார். ஜோஷுவா வுர்மன் என்ற ஆய்வாளர் லாரியின் மேல் சுழலும் ஆன்டெனா பொருத்தி 1995-இல் களமிறங்கினார். இவற்றில் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அலை. அலை சிறியதானால் ஆன்டெனாவும் சிறியதாகும், லாரியில் ஏற்றலாம். பதிலுக்குக் கடும் மழை அந்த அலையை விழுங்கிவிடும். அதனால் மிக அருகே போக வேண்டும். அருகே என்றால் சில கிலோமீட்டர். 1999 மே 3 அன்று ஓக்லஹோமா சிட்டியின் ஓரத்தில் பிரிட்ஜ் கிரீக், மூர் ஊர்களைச் சிதைத்து 36 பேரைக் கொன்ற டொர்னாடோவில் வுர்மனின் லாரி ரேடார் அளந்தது வினாடிக்கு ஏறத்தாழ 135 மீட்டர். மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த எண்கள் இன்னொரு சண்டையைத் தொடங்கிவைத்தன. டொர்னாடோவின் வலிமையை வகைப்படுத்தும் அளவுகோலை 1971-இல் தந்தவர் ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஃபுஜிட்டா. இடிந்த வீட்டையும் முறிந்த மரத்தையும் பார்த்துக் காற்றின் வேகத்தைப் பின்னோக்கி ஊகிப்பது அவர் முறை. வீடே இல்லாத வயல்வெளியில் அடித்தால் என்ன செய்வது? 2013 மே 31 அன்று எல் ரீனோ நகரத்துக்கருகே வீசிய டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலம். நகரும் ரேடார்கள் அதில் அளந்த வேகம் உச்சப் படிக்கு உரியது. சேதத்தின்படி அதற்குக் கிடைத்ததோ நடுத்தரப் படி. வுர்மன் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ரேடார் அளந்த வேகத்தோடு ஒப்பிட்டால் சேத மதிப்பீடு ஒரு படிக்கும் மேல் குறைவாகவே வருகிறது என்று காட்டியது. வீட்டைக் கட்டுபவருக்கும் பாதுகாப்பறை வடிவமைப்பவருக்கும் தேவை உண்மையான வேகம். ரேடார் அளந்திருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு மரக்கிளைகளை எண்ணுவது தவறு என்பதே என் கருத்து. இரண்டையும் அருகருகே பதிவு செய்ய வேண்டும்.

எல் ரீனோவைச் சொல்லும்போது டிம் சமராஸைச் சொல்லாமல் போகக் கூடாது. டொர்னாடோவின் பாதையில் தரையோடு தரையாகக் கருவிகளை வைத்துவிட்டு விலகுவது அவர் வழக்கம். 2003-இல் சவுத் டகோட்டாவின் மான்செஸ்டரில் அவர் வைத்த கருவியின் மேலேயே டொர்னாடோ நடந்துபோய், காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிவு செய்தது. எல் ரீனோவில் டொர்னாடோ திடீரென்று அகன்று திசை திரும்பியபோது அவரும், மகன் பாலும், உடன் ஆய்வாளர் கார்ல் யங்கும் காரோடு அகப்பட்டு இறந்தார்கள். துணிச்சலுக்காக மட்டும் அவர்களை நினைப்பது போதாது. ரேடார் பார்க்க முடியாத அந்தக் கடைசிச் சில மீட்டரை அளக்கப் போனவர்கள் அவர்கள்.

அதே டொர்னாடோவை, இரண்டே வினாடியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் இன்னொரு நகரும் ரேடாரும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த ஜானா ஹவுசர், தாம் பார்த்த டொர்னாடோக்களில் சுழல் மேலிருந்து இறங்கி வரவில்லை என்று 2018-இல் அறிவித்தார். தரையருகே முதலில் வலுத்து, பிறகு அல்லது உடனடியாக மேலே பரவியது. யூனியன் சிட்டியில் கண்டது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. அன்றைய ரேடார் பல நிமிட இடைவெளியில், சற்று உயரத்தில், அகன்ற கற்றையோடு பார்த்தது. பார்த்ததைச் சரியாகவே சொன்னது. பார்க்காததை நாம் கோடு போட்டு நிரப்பிக்கொண்டோம்.

அப்படியானால் தரையருகே சுழலை உண்டாக்குவது எது? வெறும் மேலெழும் காற்றால் அது முடியாது. படுக்கைச் சுழலை நிமிர்த்தும்போதே காற்று மேலே போய்விடுவதால் தரையில் சுழற்சி மிஞ்சுவதில்லை. மேகத்தின் பின்புறம் மழையோடு கீழிறங்கும் காற்று தேவை. கொக்கியைச் சுற்றி இறங்குவது அதுதான். இந்தக் காற்று மிகக் குளிர்ந்திருந்தால் கனத்துப்போய்த் தரையோடு பரவிவிடும்; அதை மறுபடி உறிஞ்சி மேலே இழுக்க மேகத்தால் முடியாது. அதிகம் குளிராமல் இருந்தால் இழுபடும். இழுபட இழுபடச் சுழல் குறுகி வேகம் பிடிக்கும். மார்கோவ்ஸ்கியும் உடனிருந்தோரும் காரின் கூரையில் வானிலைக் கருவிகளைக் கட்டிக்கொண்டு கொக்கிகளுக்குள் ஓட்டிச் சென்று அளந்து, டொர்னாடோ தந்த மேகங்களில் இந்தப் பின்புறக் காற்று ஒப்பீட்டளவில் வெப்பமாக இருந்ததை 2002-இல் எழுதினார்கள். ரேடாருக்கு வெப்பநிலை தெரியாது. சுழலும் நான்கு மேகங்களில் எந்த ஒன்று டொர்னாடோ தரும் என்ற கேள்வியின் விடையில் ஒரு பகுதி, ரேடார் அளக்க முடியாத சில டிகிரி வெப்பத்தில் ஒளிந்திருக்கிறது.

2013-க்குள் அமெரிக்க ரேடார்கள் அனைத்தும் கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரண்டு அலைகளை அனுப்பும்படி மேம்படுத்தப்பட்டன. பெரிய மழைத்துளி விழும்போது தட்டையாகிறது. எனவே கிடை அலை கூடுதலாகத் திரும்பும். உருண்டு புரண்டு விழும் ஆலங்கட்டியில் இரண்டும் ஏறத்தாழ சமம். பலகை, இலை, தகரம், மண் என்று கலந்து பறக்கும்போது இரண்டு அலைகளுக்கும் ஒழுங்கான தொடர்பே இருக்காது. வலுவான எதிரொலி, ஒழுங்கற்ற தொடர்பு, எதிரெதிர் வேகம் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால், ஐயமே வேண்டாம், டொர்னாடோ தரையில் இருக்கிறது, எதையோ பெயர்த்தெடுத்து மேலே வீசிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவில், யாரும் கண்ணால் பார்க்க முடியாத மழைத்திரைக்குள்ளும் இதை உறுதி செய்யலாம். அந்தக் கூட்டுக் குறி திரையில் தோன்றும்போது யாருடைய கூரையோ ஏற்கெனவே போய்விட்டது என்பதையும் மறக்க வேண்டாம். இது உறுதிப்படுத்தும் கருவி, முன்னறியும் கருவியன்று. ஆனாலும் பாதையில் அடுத்து இருக்கும் ஊருக்கு அந்த உறுதி உயிர் காக்கும்.

மேகத்தைத் துழாவும் வேகத்தின் குறையைத் தீர்க்க, போர்க்கப்பலில் இருந்த ரேடார் ஒன்றை நார்மனில் நிறுத்தி 2016 வரை சோதித்தார்கள். ஆன்டெனாவைச் சுழற்றாமல் கற்றையை மின்னணு முறையில் திருப்பும் வகை அது. ஒரு நிமிடத்துக்குள் மேகத்தை முழுதும் துழாவிவிடும். நாடு முழுதும் அதை வைக்கும் செலவுதான் தடை.

எச்சரிக்கை பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விடப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு, டொர்னாடோ வராமலே முடிகின்றன. சுழலும் மேகங்களில் கால்வாசிதான் பெறும் என்று சற்று முன் சொன்னேனே, அதன் நேரடி விளைவு இது. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரில் பதினைந்து நிமிடங்களுக்கும் மேல் முன்னவகாசம் இருந்தது, சங்கு ஒலித்தது. இருந்தும் 158 பேர் இறந்தார்கள். பலர் முதல் சங்கைக் கேட்டும் உடனே ஒதுங்கவில்லை, வேறொரு உறுதிக்காகக் காத்திருந்தார்கள் என்று வானிலைத் துறையின் விசாரணையே எழுதியது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல முறை வீணாகக் கேட்ட சங்கு அது. பொய்யெச்சரிக்கையைக் குறைக்க வேண்டுமானால் தரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் நடப்பதை அறிய வேண்டும். ஆய்வு என்ற பெயரில் நடக்கும் இதெல்லாம் வெறும் அறிவுப்பசி அல்ல.

டொர்னாடோ அமெரிக்காவின் தனிச்சொத்து என்று யாரும் எண்ண வேண்டாம். பதிவில் உள்ளவற்றில் மிக அதிக உயிர்களைக் குடித்ததாகக் கருதப்படுவது 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் சாட்டூரியாவைத் தாக்கியது; சுமார் 1,300 பேர். கோடையில் வங்காளத்தில் எழும் கால்பைசாகி இடிமழையின் ஊடே அங்கே டொர்னாடோக்கள் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் சூப்பர்செல் அரிது. ஆனால் இந்திய வானிலைத் துறையின் முதல் 10 சென்டிமீட்டர் டாப்ளர் ரேடார் 2002-இல் நிறுவப்பட்டது சென்னையில்தான். வடகிழக்குப் பருவமழையில் உங்கள் கைப்பேசியில் வந்து விழும் அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்புப் படத்தை உண்டாக்கும் தத்துவம் நார்மனில் யூனியன் சிட்டியைப் பார்த்த அதே தத்துவம். அதே வளைந்த பூமி, அதே அகலும் கற்றை, அதே கெடுபிடி. அந்தப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, ஒரு மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே கற்றை எவ்வளவு உயரத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அமெரிக்க டாப்ளர் ரேடார்கள் 1991 முதல் பதிவு செய்த மூல எண்கள் அனைவருக்கும் திறந்திருக்கின்றன, கட்டணம் இல்லை. அவற்றைப் படித்து வரைய ஆர்கான் தேசிய ஆய்வகம் உருவாக்கிய பை-ஆர்ட் என்ற மென்பொருளும் இலவசம். 1999 மே 3 அன்று மாலை மூரில் நடந்ததை, 2013 மே 31 அன்று எல் ரீனோவில் நடந்ததை, இங்கே ஒரு மடிக்கணினியில் கற்றை கற்றையாகப் பிரித்துப் பார்க்கலாம். சுழலும் மேகங்கள் நான்கில் ஒன்று ஏன் டொர்னாடோவைப் பெறுகிறது, மூன்று ஏன் பெறுவதில்லை என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. அதை முடிக்கப் போகிறவர் ஓக்லஹோமாவில் பிறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த வாரமே ஒரு நாளின் பதிவை இறக்கிப் பாருங்கள், கொக்கியைத் தேடுங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தையும் தேடுங்கள்.